விலை குறைந்த சின்னக் காரை எடைபோடுவது எப்படி?

கார் நிறுவனம் எதுவும் தர்மத்துக்குக் காரை விற்பதில்லை. ஒரு ஹேட்ச்பேக், அதாவது பின்கதவை மேலே தூக்கித் திறக்கும் சின்னக் கார், மற்றதைவிட மலிவாகக் கிடைக்கிறதென்றால், எங்கோ கை வைத்துத்தான் அந்த விலைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். சத்தத்தைத் தடுக்கும் விரிப்பு மெலிந்திருக்கும். எஞ்சினில் ஒரு சிலிண்டர் குறைந்திருக்கும். பின் ஜன்னலைக் கையால் சுற்றித்தான் இறக்க வேண்டியிருக்கும். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அப்படிக் குறைத்ததால்தான் அது நம் கைக்கு எட்டுகிறது. வாங்குகிறவருக்கு உள்ள வேலை ஒன்றுதான்: எங்கெங்கே கை வைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்து, எதை நாம் பொறுத்துக்கொள்ளலாம், எதைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது என்று முடிவு செய்வது. முதல் கார் வாங்கப் போகிறவர்கள் அதை எந்த வரிசையில் செய்யலாம் என்று கீழே சொல்கிறேன்.

படி 1: காருக்கு முன் உங்கள் ஓட்டத்தைப் பாருங்கள்

ஒரு தாளை எடுத்து எழுதுங்கள். சாதாரண நாளில் காரில் எத்தனை பேர் போவீர்கள்? அதிகபட்சம் எத்தனை பேர், அது மாதத்தில் எத்தனை முறை? மாதம் எத்தனை கிலோமீட்டர், அதில் நெடுஞ்சாலை எவ்வளவு? வண்டி எங்கே நிற்கும்? உங்களைத் தவிர வேறு யார் ஓட்டுவார்கள்?

ஒருவர் அல்லது இருவர், பெரும்பாலும் ஊருக்குள், நெருக்கடியான இடத்தில் நிறுத்த வேண்டும் என்றால் சின்ன ஹேட்ச்பேக்கைவிடத் தோதான வண்டி கிடையாது. சுமார் மூன்றரை மீட்டர் நீளம், சிறிய இடத்தில் வளைந்து திரும்பும் வசதி, லேசான எடை எல்லாமே உங்கள் பக்கம். வாரம் தவறாமல் ஐந்து பெரியவர்களை ஏற்றிக்கொண்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகிறவர் என்றால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் இந்த வகைக் கார் உங்களுக்கு இல்லை. பாதிப் பேர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை வரும் நீண்ட பயணத்தை மனத்தில் வைத்துப் பெரிய காருக்குக் கடன் வாங்குகிறவரும் உண்டு, தினமும் வரும் தேவையை மறந்து சின்னதை வாங்குகிறவரும் உண்டு.

மைலேஜ் கவலைக்கும் அந்தத் தாளிலேயே விடை கிடைக்கும். மாதம் 1,000 கி.மீ. ஓடும் வண்டி லிட்டருக்கு 20 கி.மீ. கொடுத்தால் 50 லிட்டர் ஆகும். 16 கி.மீ. கொடுத்தால் 62.5 லிட்டர். பன்னிரண்டரை லிட்டர் வித்தியாசம், பொருட்படுத்த வேண்டியதுதான். ஆனால் மாதம் 300 கி.மீ. மட்டுமே ஓட்டுகிறவருக்கு அதே வித்தியாசம் நான்கு லிட்டருக்கும் குறைவு. அந்த நான்கு லிட்டருக்காக ஏர்பேக் குறைந்த காரை எடுப்பது என்ன கணக்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

படி 2: பிறகு போட முடியாதவற்றை முதலில் பாருங்கள்

பாட்டுக் கேட்கும் கருவி, ரிவர்ஸ் கேமரா, சீட் கவர், அலாய் வீல் எல்லாம் வாங்கிய பிறகும் வெளியில் போட்டுக்கொள்ளலாம். ஏர்பேக், ஏபிஎஸ், இஎஸ்சி, உடற்கூட்டின் உறுதி இவற்றை அப்படிப் போட வழியில்லை. ஆகவே ஷோரூமில் தரும் காரின் விவரத் தாளைக் கையில் வாங்கியதும் பெரிய திரை இருக்கிறதா என்று தேடாமல், இவற்றைத் தேடுங்கள்.

ஏபிஎஸ் இருந்தால், பதறிப்போய் பிரேக்கை ஒரேயடியாக மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாது. பிரேக் பிடித்தபடியே ஸ்டியரிங்கைத் திருப்பி விலக முடியும். இஎஸ்சி அதற்கு அடுத்த படி. ஈரச் சாலையிலோ திடீரென விலகும்போதோ வண்டி பக்கவாட்டில் வழுக்கத் தொடங்கினால், எந்தச் சக்கரத்தைப் பிடித்தால் வண்டி நேராகுமோ அதை மட்டும் தானாகவே பிரேக் பிடிக்கும். 1995இல் விலை உயர்ந்த மெர்சிடிஸ் கார்களில் அறிமுகமான வசதி இது. ஏபிஎஸ்ஸின் அதே பாகங்களைக் கொண்டு, கூடச் சில சென்சார்களை வைத்து வேலை செய்வதால் இன்று சின்னக் கார்களிலும் தர முடிகிறது. ஒல்லியான டயரும் உயரமான உடலும் கொண்ட சின்னக் காருக்கு அது கூடுதலாகவே தேவை. நெடுஞ்சாலையில் ஓட்டப் போகிறீர்கள், நீங்கள் பார்க்கும் வேரியண்ட்டில் (ஒரே காரை வசதிக்கும் விலைக்கும் ஏற்பப் பிரித்து விற்கும் வகை) இஎஸ்சி இல்லை என்றால், என்னைக் கேட்டால் அந்தப் பெயரை அடித்துவிடலாம்.

மோதல் சோதனையில் எத்தனை நட்சத்திரம் என்பதை எல்லோரும் கேட்கிறார்கள். நட்சத்திரத்துக்குப் பின்னால் இருக்கும் அறிக்கையையும் படியுங்கள், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். கார்களை மோதவிட்டு நட்சத்திரம் கொடுக்கும் குளோபல் என்கேப் அமைப்பின் முன்பக்கச் சோதனையில் கார் 64 கி.மீ. வேகத்தில், முகப்பின் 40 சதவீதம் மட்டும் படும்படி, நசுங்கக்கூடிய தடுப்பில் மோதவிடப்படுகிறது. அறிக்கையில் உடற்கூடு நிலையாக இருந்தது அல்லது நிலைகுலைந்தது என்று ஒரு வரி இருக்கும். நான் முதலில் தேடுவது அந்த வரியைத்தான். ஆட்கள் உட்காரும் கூடே மடங்கிவிட்டால் ஏர்பேக் செய்யக்கூடியதற்கு ஓர் எல்லை உண்டு. அடுத்து, சோதித்தது எந்த ஆண்டில், எத்தனை ஏர்பேக் உள்ள வேரியண்ட் என்று பாருங்கள். விதிமுறைகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கடுமையாவதால், பழைய விதியில் வாங்கிய நான்கு நட்சத்திரமும் புதிய விதியில் வாங்கிய நான்கு நட்சத்திரமும் ஒன்றல்ல. சின்னக் கார் வாங்கிய ஐந்து நட்சத்திரத்தைப் பெரிய காரின் ஐந்து நட்சத்திரத்தோடு ஒப்பிடவும் கூடாது. முன்பக்க மோதல் மதிப்பெண் ஏறத்தாழ ஒரே எடையுள்ள வண்டிகளுக்கிடையே ஒப்பிடத்தான்.

பின் இருக்கையை மறந்துவிடாதீர்கள், கை வைக்க நிறுவனங்களுக்கு ரொம்பப் பிடித்த இடம் அது. நடுவில் உட்காருகிறவருக்குத் தோளையும் சேர்த்துப் பிடிக்கும் பெல்ட்டா, இடுப்பை மட்டும் பிடிக்கும் பட்டையா? பின்னால் உள்ள ஹெட் ரெஸ்ட்டை உயர்த்த முடியுமா, இல்லை முதுகுச் சாய்வோடு ஒட்டித் தைத்ததா? தைத்தது என்றால் உயரமானவரின் கழுத்துக்குக் கீழேயே நின்றுவிடும், பின்னாலிருந்து ஒரு வண்டி இடித்தால் தலையைத் தாங்க ஒன்றுமிருக்காது. குழந்தை இருக்கையை மாட்டும் ஐசோஃபிக்ஸ் வளையங்கள் இருக்கையின் இடுக்கில் இருக்கின்றனவா என்று விரலை விட்டே பார்த்துவிடலாம்.

படி 3: எஞ்சின் எண்களை ஆட்களோடு சேர்த்துக் கூட்டுங்கள்

இந்த வகையில் பெரும்பாலும் காண்பது ஒரு லிட்டர் அளவுள்ள, டர்போ இல்லாத மூன்று சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். சுமார் 65 முதல் 70 குதிரைத் திறன், 90 நியூட்டன் மீட்டரை ஒட்டிய இழுவிசை. வெறும் எண்ணாகப் பார்த்தால் குறைவாகத் தெரியும், ஆனால் 850 கிலோ காரில் ஒருவர் மட்டும் போகும்போது அது தாராளம். சிக்கல் ஆள் ஏறும்போது வருகிறது. 70 கிலோ வீதம் ஐந்து பேர், 50 கிலோ மூட்டை முடிச்சு சேர்த்தால் 400 கிலோ. வண்டியின் எடையில் கிட்டத்தட்டப் பாதி கூடிவிட்டது. பெரிய காரில் அதே ஐந்து பேர் ஏறினால் இவ்வளவு தெரியாது. ஷோரூமில் தனியாக ஓட்டி "பிக்கப் நல்லா இருக்கு" என்று முடிவு செய்தவர்கள், முழுச் சுமையோடு மேட்டில் ஏறும்போது இரண்டாவது கியரிலேயே கிடப்பது இதனால்தான்.

மூன்று சிலிண்டர் எஞ்சின் நின்ற நிலையில் லேசாக நடுங்கும். அதன் அமைப்பே அப்படி, பழுது அல்ல. நடுக்கத்தை எந்த அளவுக்கு அடக்கியிருக்கிறார்கள் என்பதில்தான் காருக்குக் கார் வித்தியாசம்.

கிளட்ச் வேண்டாம் என்றால் இந்த விலையில் பெரும்பாலும் ஏஎம்டி கிடைக்கும். அது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சை மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் நமக்குப் பதிலாக ஒரு கருவி செய்கிறது. அதனால்தான் மற்ற ஆட்டோமேட்டிக்கைவிட விலை குறைவு. கியர் மாறும் நேரத்தில் இழுவை ஒரு நொடி நின்று வரும், தலை முன்னே ஒருமுறை ஆடும். ஊருக்குள் மெதுவாக ஓட்டுகிறவர்கள் சில வாரத்தில் பழகிவிடுகிறார்கள். அடிக்கடி ஓவர்டேக் செய்கிறவர்களுக்கு எரிச்சலாகவே இருக்கும். மேட்டில் நின்று கிளம்பும்போது பின்னால் உருளாமல் பிடிக்கும் வசதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள், ஏஎம்டிக்கு அது அவசியம்.

விவரத் தாளில் உள்ள மைலேஜ் ஆய்வகத்தில் உருளைகள்மேல் ஓட்டி எடுத்தது, அதுவும் ஏசியை அணைத்து வைத்து. கார்களை ஒன்றோடொன்று ஒப்பிட அது உதவும். உங்கள் சாலையில் அதுவே கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

படி 4: நிற்கும் காரில் அரை மணி நேரம்

டெஸ்ட் டிரைவுக்கு அவசரப்படாதீர்கள். விற்பனையாளரிடம் "கொஞ்சம் நேரம் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லிவிட்டு, வீட்டில் உள்ள எல்லோரும் ஏறி இறங்கிப் பாருங்கள்.

முதலில் ஓட்டுநர் இருக்கையை உங்கள் உயரத்துக்குச் சரிசெய்யுங்கள். இடது காலால் கிளட்சை முழுதாக மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடிந்திருக்க வேண்டும், ஸ்டியரிங்கில் இடிக்கக் கூடாது. மலிவான வேரியண்ட்டில் இருக்கை மேலே கீழே போகாது, ஸ்டியரிங்கும் அசையாது. குள்ளமானவரும் உயரமானவரும் மாறி மாறி ஓட்டும் வீட்டில் இது தினசரித் தொல்லை. எனக்கு டச் ஸ்கிரீனைவிட உயரம் மாற்றும் இருக்கைதான் ஆடம்பரம்.

இருக்கையை அப்படியே விட்டுவிட்டு இறங்கி, நேர் பின்னால் போய் உட்காருங்கள். முழங்காலுக்கும் முன் இருக்கைக்கும் நடுவே ஒரு கையளவாவது இடம் வேண்டும். பாதம் முன் இருக்கைக்கு அடியில் நுழைகிறதா? தொடை இருக்கையில் படிந்திருக்கிறதா, இல்லை தூக்கிக்கொண்டு நிற்கிறதா? தூக்கி நின்றால் ஒரு மணி நேரத்தில் இடுப்பு வலிக்கும். இப்போது இரண்டு பேரை இருபக்கமும் உட்காரச் சொல்லுங்கள். மூன்று பேரின் தோளும் ஒரே சமயத்தில் சாய்வில் படாது, யாராவது ஒருவர் முன்னால் நகர்ந்துதான் உட்கார வேண்டியிருக்கும். விவரத் தாளில் ஐந்து பேர் என்று போட்டிருந்தாலும் இந்தக் கார்களை நான்கு பேருக்கானது என்று வைத்துக்கொள்வதே நியாயம்.

டிக்கியின் அளவை லிட்டரில் சொல்வார்கள். ஒரு லிட்டர் அளவுள்ள செங்கல் வடிவக் கட்டைகளை அடுக்கி எண்ணிச் சொல்லும் அளவு அது. உங்கள் பெட்டி கட்டை வடிவத்தில் இருக்காது. 55 × 35 × 23 செ.மீ. விமானப் பெட்டி ஒன்று சுமார் 44 லிட்டர், அப்படியென்றால் 220 லிட்டர் டிக்கியில் ஐந்து பெட்டி போக வேண்டும். மூன்று போனாலே பெரிது. வீட்டிலிருந்து உங்கள் பெட்டியையோ குழந்தையின் தள்ளுவண்டியையோ கொண்டுபோய் வைத்துப் பார்ப்பதில் வெட்கமே வேண்டாம். டிக்கி விரிப்பைத் தூக்கி ஸ்டெப்னியையும் பாருங்கள். மற்ற நான்கு டயரைவிட ஒல்லியாக, 80 கி.மீ. வேகம் தாண்டக் கூடாது என்று எழுதியதாக இருக்கலாம். ஸ்டெப்னியே இல்லாமல் பஞ்சர் ஒட்டும் மருந்து புட்டி மட்டும் இருக்கலாம்.

பிறகு சின்னச் சின்னக் குறைப்புகள். பின் கண்ணாடிக்கு வைப்பர் இருக்கிறதா? செடானில் இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம். ஹேட்ச்பேக்கின் பின்புறம் செங்குத்தாக முடிவதால் காற்று அங்கே சுழன்று, டயர் வாரியடிக்கும் சேற்று நீரைக் கண்ணாடியிலேயே அப்பிவிடும். மழையில் பின்னால் வருகிற வண்டி தெரியாது. ஜன்னலைக் கையால் சுற்றுவது, சக்கரத்துக்கு மூடி இல்லாதது, கைப்பிடிக்கு வண்ணம் பூசாதது எல்லாம் பரவாயில்லை, விட்டுவிடலாம்.

படி 5: ஓட்டிப் பார்க்கும்போது

எஞ்சின் ஆறியிருக்கும்போது கிளப்பிப் பாருங்கள். சூடான எஞ்சின் பல குறைகளை மறைத்துவிடும். நான்கு பேரை ஏற்றிக்கொள்ளுங்கள், ஏசியை முழுதாக வைத்துக்கொள்ளுங்கள். விற்பனையாளர் காட்டும் வழுவழுப்பான சாலையில் மட்டும் போகாமல், மேடு, குண்டும் குழியுமான தெரு, சற்று வேகம் போகக்கூடிய சாலை மூன்றும் இருக்கும்படி வழியை நீங்களே சொல்லுங்கள்.

மேட்டில் முழுதாக நிறுத்தி மறுபடி கிளப்புங்கள். ஏசி ஓடும்போது எஞ்சின் திணறுகிறதா, கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்று அங்கே தெரிந்துவிடும். வேகத்தடையில் சாதாரண வேகத்தில் ஏறுங்கள். நான்கு பேர் இருக்கும்போது அடிவயிறு உரசினால் விவரத் தாளில் தரையிலிருந்து 165 மி.மீ. உயரம் என்று போட்டிருப்பதால் ஒரு பயனும் இல்லை, அது காலி வண்டியின் அளவு. பின் சக்கரம் குழியில் விழும்போது இருக்கையில் தட்டுவது சின்னக் காரில் சகஜம். 'டம்' என்று உலோகச் சத்தம் வந்தால் அது வேறு சங்கதி.

வேகம் 80ஐத் தாண்டியதும் பாட்டை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் இருப்பவரோடு பேசுங்கள். குரலை உயர்த்த வேண்டியிருந்தால் நீண்ட பயணத்தில் அதுதான் உங்களைக் களைக்க வைக்கும். பின்னால் யாரும் வராத இடத்தில் ஒருமுறை அழுத்திப் பிரேக் பிடித்து, வண்டி நேராக நிற்கிறதா என்று பாருங்கள். பெரிய லாரி எதிரே கடந்துபோகும்போது ஸ்டியரிங் எவ்வளவு ஆடுகிறது என்றும் கவனியுங்கள். ஏஎம்டி என்றால் நெரிசலில் ஊர்ந்துதான் பார்க்க வேண்டும், காலியான சாலையில் எல்லா ஏஎம்டியும் நன்றாகத்தான் இருக்கும்.

வேறொரு நாளில் முடிந்தால் மாலை இருட்டியபின் ஒருமுறை. விளக்கு வெளிச்சம் விவரத் தாளில் தெரியாது.

படி 6: ஒட்டுமொத்தக் கணக்கு

காரின் விலை என்பது நுழைவுச் சீட்டு மட்டும். நீங்கள் எத்தனை ஆண்டு வைத்திருப்பீர்களோ அத்தனை ஆண்டுக்கும் எரிபொருள், இன்சூரன்ஸ், சர்வீஸ், ஒரு செட் டயர், கடன் வட்டி எல்லாவற்றையும் கூட்டுங்கள். வாங்கும் தொகையைச் சேர்த்து, விற்கும்போது வரக்கூடிய தொகையைக் கழியுங்கள். அதை ஓடப்போகும் கிலோமீட்டரால் வகுத்தால் ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று கிடைக்கும். இரண்டு மூன்று கார்களுக்கு இதைப் போட்டுப் பாருங்கள். விலை குறைந்தது என்று நினைத்த கார், ரீசேல் மதிப்பு இல்லாததால் கடைசி இடத்துக்குப் போவதும் உண்டு.

சர்வீஸ் செலவை விற்பனையாளரிடம் கேட்டால் முதல் மூன்று இலவச சர்வீஸைப் பற்றியே பேசுவார். நீங்கள் உதிரிபாகக் கவுண்டருக்குப் போய் முன் பம்பர், ஹெட்லைட், பக்கக் கண்ணாடி, கிளட்ச் செட் நான்கின் விலையையும் அது கையிருப்பில் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். எஞ்சினின் வால்வுகளை நேரம் தவறாமல் திறந்து மூட வைப்பது டைமிங் செயினா, பெல்ட்டா என்றும் கேளுங்கள். பெல்ட் என்றால் குறிப்பிட்ட கிலோமீட்டரில் மாற்றியே ஆக வேண்டும். தவறி அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதி, செலவு எங்கேயோ போய்விடும்.

வேரியண்ட் விஷயத்தில் என் கணிப்பு: அடிமட்ட வேரியண்ட் விளம்பரத்தில் விலை போடுவதற்காகவே பல சமயம் இருக்கிறது, உச்ச வேரியண்ட்டில் பிறகு வெளியில் போடக்கூடியவற்றுக்குப் பணம் வாங்குகிறார்கள். பாதுகாப்பு வசதிகள் முழுதாக வரும் முதல் வேரியண்ட் எதுவோ அதில் நின்றுவிடுங்கள். அதன் விலை உங்கள் பட்ஜெட்டைத் தாண்டினால், அதே பணத்துக்கு மூன்று நான்கு ஆண்டு ஓடிய ஒரு படி பெரிய கார் கிடைக்கிறதா என்று பார்ப்பது தப்பில்லை.

படி 7: செகண்ட் ஹாண்ட் என்றால்

இது தனிக் கட்டுரைக்கான விஷயம், முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பானெட்டையும் கதவையும் பிடித்திருக்கும் போல்ட் தலைகளில் பெயின்ட் உரிந்திருந்தால் ஒருமுறை கழற்றியிருக்கிறார்கள், ஏன் என்று கேளுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், உள்ளே சேற்றுக் கறை இருந்தால் வண்டி வெள்ளத்தில் நின்றது. ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் பால்போல நுரை கெட்டியாக ஒட்டியிருந்தால் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் ஆயிலில் கலக்கிறதா என்று சோதிக்க வேண்டும். ஓடோமீட்டரில் 30,000 என்றும் பிரேக் பெடல் ரப்பர் தேய்ந்து வழவழப்பாகவும் இருந்தால் இரண்டில் ஒன்று பொய், ரப்பருக்குப் பொய் சொல்லத் தெரியாது. விற்பவருக்குத் தெரியாத மெக்கானிக் ஒருவரை, காசு கொடுத்தாவது கூட்டிக்கொண்டு போங்கள்.

படி 8: சாவி வாங்கும் நாள்

மாலை போட்டுப் படம் எடுக்கும் அவசரத்தில் யாரும் வண்டியைப் பார்ப்பதில்லை. முன்கூட்டியே போய், பதிவு முடிவதற்கு முன்பே பாருங்கள். சேசிஸ் எண் ஆவணத்தோடு பொருந்துகிறதா, தயாரித்த மாதம் எது, ஓடோமீட்டர் எவ்வளவு காட்டுகிறது? டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று பொறித்திருக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். ஐந்து டயரிலும் பாருங்கள், ஸ்டெப்னி மட்டும் பழையதாக இருப்பதுண்டு. நீங்கள் கேட்காத பாய், பாலிஷ், பூச்சு என்று பில்லில் ஏறியிருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். கீறலோ குறையோ தெரிந்தால் "சர்வீஸில் பார்த்துக்கலாம் சார்" என்பதோடு விடாமல், எழுதி வாங்கிக்கொண்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.

முதல் ஆயிரம் கிலோமீட்டர் எஞ்சினை விரட்ட வேண்டாம், ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டவும் வேண்டாம். அதன்பின் ஒருநாள் டேங்கை முழுதாக நிரப்பி ஓடோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை மறுபடி முழுதாக நிரப்பும்போது எத்தனை லிட்டர் போகிறதோ, அதைக் கொண்டு ஓடிய தூரத்தை வகுத்தால் உங்கள் கையில், உங்கள் சாலையில் வண்டி தரும் மைலேஜ் வரும். டாஷ்போர்டு காட்டும் எண் அதைவிடக் கொஞ்சம் தாராளமாகத்தான் இருக்கும்.